முதலில் எடை, பிறகு காற்று

தேநீரை விளிம்புவரை ஊற்றிவிட்டீர்கள், அதிகாரியம்மா. அக்தாவ் நகரத்து அடுக்குமாடியில் வளர்ந்தவர், பழக்கம் விட்டுப்போயிருக்கும். எங்கள் அக்கூம் துறைமுக ஊரில் கோப்பையை நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பாதி ஊற்றினால், இரு, பேசு, மறுபடி ஊற்றுகிறேன் என்று அர்த்தம். நீங்களோ கதவுக்கு வெளியே காவலரை நிறுத்திவிட்டு நிறைந்த கோப்பையை நீட்டுகிறீர்கள். நான் எந்தப் பக்கம் போவது? என் மகள் பல்ஜான் ஊற்றினால் சரியாகப் பாதி இருக்கும். தீக்குச்சியை நிறுத்தி அளந்தே பார்த்திருக்கிறேன்.

போகட்டும். நானாகவே வந்தவன். யாரும் என்னைப் பிடித்துக்கொண்டு வரவில்லை. உங்கள் விசாரணைக் குழுவின் அறிக்கையைப் பத்திரிகையில் படித்தேன். அதனால் வந்தேன். ஓண்டாசினின் கடல் மண்டபம் ஏன் விழுந்தது என்பதற்கு, "அடியிலுள்ள மணல் தரமற்றது" என்று நான்கு பொறியாளர்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மணலோடு நான் நாற்பது வருடம் வேலை பார்த்திருக்கிறேன். அது சொன்ன சொல் மாறாத மணல். ஆறு பேர் செத்த பழியை அதன்மேல் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஏழு என்கிறீர்கள். நான் ஆறு என்று சொல்லும்போதெல்லாம் திருத்துகிறீர்கள். அதைப் பிறகு சொல்கிறேன்.

என் பெயர் திலேகென். வேலை, பைல் சோதனை. மணலுக்குள் இரும்புக் குழாயை அடித்து இறக்குவார்கள், அதன் தலையில் துறைமேடையோ வீடோ கட்டுவார்கள். அந்தக் குழாய்தான் பைல். அடிப்பது ஒருவர் வேலை. அது தாங்குமா என்று பார்ப்பது என் வேலை. ஊரில் என்னைப் பொய்யன் என்பார்கள். ஒருமுறை பலமாக அடித்ததில் ஒரு பைல் கஸ்பியன் கடலுக்கு அடியிலேயே போய் எதிர்க்கரையில் பாகுவில் முளைத்துவிட்டது என்றும், அங்கே ஒரு முடிதிருத்துபவர் அதில் தொப்பி மாட்டிக்கொண்டு நன்றிக் கடிதம் போட்டார் என்றும் நான் சொல்வதுண்டு. கடிதத்தைக் காட்டு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வாழ்க்கையில் ஒரு மரியாதை இருந்திருக்கும்.

இப்போது சொல்லப்போவது அந்த வகை இல்லை. இதற்கு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. மேசையில் வைத்திருக்கிறேன், பச்சை அட்டை. தேதி போட்டிருக்கிறது.

எழுபத்து நான்காம் வருடம், வசந்தம். அக்கூம் கரையில் சோதனைக்கென்று தனியாக ஒரு பைல் அடித்திருந்தோம். விதி என்னவென்றால், திங்கட்கிழமை அதன் தலையில் கான்கிரீட் கட்டைகளை அடுக்கி எவ்வளவு எடை தாங்குகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு கட்டைகளை இறக்கிவிட்டு, வியாழக்கிழமை ஜாக்கி வைத்துப் பக்கவாட்டில் தள்ளி, எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு சோதனை, இரண்டு தாள், இரண்டு முத்திரை. கடலில் எடையும் காற்றும் முறை வைத்துக்கொண்டு கிழமை பார்த்து வருவதில்லை என்பது விதி போட்ட மாஸ்கோவுக்குத் தெரியாது.

அந்த வாரம் கிரேன் ஓட்டுகிற பிஸேன் தங்கை கல்யாணத்துக்குப் போய்விட்டான். கட்டைகளை இறக்க ஆளில்லை. வியாழன் வந்தது. நான் கட்டைகள் மேலே இருக்கும்போதே பக்கவாட்டில் தள்ளினேன். சோம்பேறித்தனம்தான், மறைக்கவில்லை. வெறும் பைல் பதினெட்டு மில்லிமீட்டர் நகரும். இது பதினொன்றுதான் நகர்ந்தது. மேலே எடை உட்கார்ந்ததும் மணல் பைலின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. முதலில் எடை, பிறகு தள்ளு. அப்படியென்றால் அசையாது.

அப்போதுதான் ஓண்டாசின் வந்தார். இளம் பொறியாளர், என்னைவிட இரண்டு வயது சின்னவர், புதுச் சப்பாத்து.

"அண்ணே, கட்டைய இறக்காமலேயா தள்ளினீங்க?"

"இறக்க ஆளில்லப்பா. கல்யாணத்துக்குப் போயிட்டான்."

"பதினொண்ணுதானா? சரியாப் பாத்தீங்களா?"

"நீயே பாரு. எனக்குப் பொய் சொல்லத் தெரியும். அளவுகோலுக்குத் தெரியாது."

மூன்று முறை தள்ளச் சொல்லி மூன்று முறையும் எழுதிக்கொண்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை. விமானத்தைப் பிடித்து அல்மா-அத்தாவிலிருந்த தன் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போய்விட்டார்.

அவர் நின்றிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. எனக்கு அன்று சாயங்காலம் ஒரு யோசனை வந்தது. மறுநாள் பிஸேன் திரும்பி வந்ததும் கட்டைகளை இறக்கச் சொன்னேன். வெறும் பைலைத் தள்ளினேன், விட்டேன். தள்ளினேன், விட்டேன். இருநூறு தடவை. பைலின் கழுத்தைச் சுற்றி மணல் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்து, அரிசி மூட்டையில் விரலை விட்டு ஆட்டினால் ஆவதுபோலத் தளர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு அதே கட்டைகளை, அதே எடையை, ஒவ்வொன்றாக ஏற்றினேன். முக்கால்வாசி ஏற்றும்வரை இரண்டு விரல்கட்டை இறங்கி நின்றது. அப்போது பக்கவாட்டில் லேசாக ஒரு தள்ளு கொடுத்தேன். பைல் ஒரு முழம் மண்ணுக்குள் போய், சாய்ந்து, கட்டைகளை எல்லாம் கடலுக்குள் கொட்டிவிட்டது. பிஸேன் ஓடிப் பிழைத்தான்.

அதே பைல், அதே மணல், எடையும் கூடவில்லை, தள்ளும் கூடவில்லை. வரிசை மட்டும் மாறியது. நோட்டில் எழுதி வைத்தேன். ஓண்டாசின் திரும்பி வந்ததும் சொல்லலாம் என்று இருந்தேன்.

அவர் திரும்பவில்லை, கட்டுரை வந்தது. "மணலில் பைல்கள்மேல் எடையின் நற்பயன்." ஆசிரியர் ஓண்டாசின். கூடவே நிறுவனத்தில் நான்கு பேர் பெயர். என் பெயரும் இருந்தது, கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்கிற இடத்தில், முகாம் சமையல்காரருக்கு அடுத்தபடியாக. சமையல்காரர் நன்றாகத்தான் சமைத்தார், அதில் எனக்குப் புகார் இல்லை.

மீதிப் பாதியை அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருடம் சொல்லாமல் இருந்தேன். எனக்கு அது பெரிய சிரமமாகப் படவில்லை.

அவர் பெரிய ஆள் ஆனார். துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். இடையில் அவருடைய பையனும் என் பல்ஜானும் ஒருவரையொருவர் விரும்பி, சம்பந்தியும் ஆகிவிட்டோம். எங்களில் சம்பந்தியின் இடம் உங்களுக்குத் தெரியும். வாசலுக்கு நேர் எதிரே, வீட்டின் உள்கோடி, தோர். மகள் கொடுத்தவனை அங்கேதான் உட்கார வைக்க வேண்டும். ஓண்டாசின் வீட்டு விருந்தில் எனக்கு எப்போதும் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில்.

"அங்கயே இருங்க சம்பந்தி. உங்க பொய்யெல்லாம் பெரிய சைஸு. உள்ள கொண்டுவந்தா இடம் பத்தாது."

"பெரிசா இருந்தா வெளியில வெச்சுக்கலாம் சம்பந்தி. திருடினதைத்தான் உள்ள வெச்சுப் பூட்டணும்."

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். நானும்தான். இருபது வருடம் இதே ஹாஸ்யத்தை நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். கேட்டவர்களுக்கு அலுக்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு அவர் கடலுக்குள் நீட்டி ஒரு விருந்து மண்டபம் கட்டினார். பன்னிரண்டு பைல். கரைப்பக்கம் எட்டு, அவை ஆழமில்லாத தண்ணீரில், அலையில்லாத இடத்தில். கடல்பக்கம் நான்கு. அந்த நான்கின் தலைமேல் தோர். கண்ணாடிச் சுவர், உட்கார்ந்தால் மூன்று பக்கமும் கடல். தோரின் தளத்துக்கு அடியில் ஒரு இரும்புத் தொட்டி வைத்து, இருபது டன் தண்ணீரை நிரப்பிவிட்டார். குடிக்க இல்லை. எடைக்கு. எப்போதும் எடை மேலே இருந்தால் எந்தக் காற்றும் ஒன்றும் பண்ணாது என்பது அவர் கட்டுரை. அதாவது, என் பதினொரு மில்லிமீட்டர்.

பைல்களைச் சோதிக்க என்னைத்தான் கூப்பிட்டார். "உங்க கையெழுத்து இல்லாம என் மண்டபமா?" என்றார். சோதித்தேன். எடைக்கு நல்லது, தள்ளுக்கு நல்லது, இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டேன். இரண்டும் உண்மை. உங்கள் பொறியாளர்களால் அதில் குறை கண்டுபிடிக்க முடியாது. மூன்று வருடம் புயல் வந்தது, போனது. அந்த மண்டபம் இமைக்கவில்லை. தொட்டி நிறைந்திருந்தது.

குளிர்காலத்தில் மட்டும் தொட்டியைக் காலி செய்ய வேண்டும். உறைந்தால் இரும்பு வெடித்துவிடும். குளிர்காலத்தில் கடலும் கரையோரம் உறைந்து கிடக்கும், அலை இருக்காது, அதனால் பயமில்லை. அந்த வால்வின் சாவியை மண்டபக் காவலுக்கென்று என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். சம்பந்தியைவிட நம்பிக்கையான ஆள் யார் கிடைப்பார்கள்?

போன அக்டோபரில் அவருக்கு எழுபது. மண்டபத்தில் விருந்து என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். மூன்று நாள் முன்னால் தென்கிழக்குக் காற்று எழுந்தது. அன்று மத்தியானத் தொழுகை முடித்துவிட்டு மண்டபத்துக்குப் போனேன். வால்வைத் திறந்தேன். நான்கு மணி நேரத்தில் தொட்டி காலி.

இவ்வளவுதான் நான் செய்தது. ஒரு குழாயைத் திறந்தேன். பிறகு மூடினேன்.

மூன்று நாள் காற்று. நான் தினமும் போய், முதல்முறையாகத் தோரில் உட்கார்ந்தேன். ஆள் இல்லாதபோது தோரும் சாதாரணத் தரைதான், கொஞ்சம் குளிரும். ஒரு கோப்பையில் பாதித் தேநீர் ஊற்றித் தரையில் வைத்துக்கொள்வேன். நிறைந்த கோப்பை இதற்கு உதவாது, தளும்பிவிடும். பாதிக் கோப்பையில்தான் ஆட்டம் தெளிவாகத் தெரியும். தேநீர் இந்தப் பக்கம் ஏறும், அந்தப் பக்கம் ஏறும். எடையில்லாத நான்கு பைலையும் அலை பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. நான் இருநூறுவரை எண்ணினேன், பிறகு எண்ணுவதை விட்டுவிட்டேன். மணலுக்கு எண்ணத் தெரியும்.

விருந்தன்று காலை காற்று நின்றது. அலை நிற்க இன்னும் ஒரு நாள் ஆகும், அது உங்களுக்கே தெரியும். வால்வை மூடி, பம்பு வைத்துத் தொட்டியை நிரப்பினேன். முன்பே பைல்களில் சுண்ணாம்பால் கோடு போட்டிருந்தேன். தொட்டி நிறைந்தபோது நான்கு கோடும் இரண்டு விரல்கட்டை கீழே போயிருந்தன. நோட்டில் எழுதினேன். எழுபத்து நான்கில் எழுதிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தை அதற்காகவே காலியாக விட்டு வைத்திருந்தேன்.

எச்சரித்தேனா என்று கேட்கிறீர்கள். எச்சரித்தேன். எல்லோர் முன்னாலும், உரத்த குரலில். விருந்து தொடங்கியதும் வழக்கம்போல "கதை சொல்லுங்க திலேகென்" என்றார்கள். நான் வாசலோரத்திலிருந்து சொன்னேன்: இந்த மண்டபத்தின் கால்களை மூன்று நாளாகக் காற்று தொட்டிலாட்டியிருக்கிறது, நான்கும் இப்போதுதான் கண்ணயர்ந்திருக்கின்றன, தோரில் கனமான பெரிய மனிதர்கள் உட்கார்ந்தால் அவை கண்ணைத் திறக்காமலேயே கடலில் படுத்துவிடும், ஆகவே பெரிய மனிதர்கள் எல்லோரும் எழுந்து வாசலுக்கு வந்து என்னோடு செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை. பிஸேன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்தக் கல்யாணத்து மறுநாள் என் பக்கத்தில் நின்று கட்டை ஏற்றியவன் அவன், அவனுக்கே நினைவு வரவில்லை. இதில் நான் என்ன செய்ய முடியும்? உண்மையைச் சொன்னேன். அவர்கள் பொய்யாக எடுத்துக்கொண்டார்கள்.

தோரில் ஆறு பேர். ஓண்டாசின், கட்டுரையில் பெயர் போட்டுக்கொண்ட அந்த நான்கு பேர், மாவட்ட நிர்வாகத்திலிருந்து மரியாதைக்கு வந்த ஒருவர். அந்தக் கடைசி ஆள்மேல் எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. உட்கார வைத்த இடம் அப்படி.

பல்ஜான் எங்கே இருப்பாள் என்பதையும் நான் யோசிக்காமல் இல்லை. என்னை அப்படிப்பட்ட தகப்பன் என்று நினைக்க வேண்டாம். மருமகள் தேநீர் ஊற்ற வேண்டும். தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிற சமோவார் வாசல்பக்கம், கரைப்பக்கத்து எட்டு பைலுக்கு மேலே. என்னிடமிருந்து இரண்டு காலடி தூரம். அந்த இடத்தை விட்டு மருமகள் விருந்து முடியும்வரை நகர மாட்டாள். எங்கள் பழக்கமே அவளுக்குக் காவல். அதை நம்பித்தான் செய்தேன்.

விருந்தில் மிகப் பெரிய மரியாதைக்குரியவருக்கு வைக்கிற ஆட்டுத்தலை வந்தது. ஓண்டாசின் அதைத் தன் முன்னால் வாங்கி வைத்துக்கொண்டார், வெட்டவில்லை. எழுந்து நின்றார்.

"எழுபது வயசாச்சு. ஒண்ண சொல்லிட்டு உக்காந்துக்கறேன். எழுபத்து நாலுல நான் எழுதினேனே, மணல்ல எடை, அது என்னோடது இல்ல. அங்க வாசல்ல உக்காந்திருக்காரே, அவரோடது. பாத்தது அவரு, அளந்தது அவரு. நான் எழுதிக்கிட்டுப் போனேன். முப்பத்தஞ்சு வருஷமா அவர வாசல்ல உக்கார வெச்சேன், ஏன்னா எதிர்ல உக்காந்தா மொகத்தப் பாக்கணும்." பிறகு என்னைப் பார்த்தார். "சம்பந்தி, இந்தத் தலை உங்களுக்கு. எந்திரிச்சு வாங்க. இது உங்க இடம்."

நான் இதை எதிர்பார்க்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். என் கணக்கில் இது இல்லை.

"முட்டி வலிக்குது சம்பந்தி," என்றேன். "இங்கயே இருக்கேன்."

"முட்டி வலின்னா நான் வந்து தூக்கிட்டுப் போறேன்."

"உங்களுக்கும் எழுபது. ரெண்டு பேரும் சேந்து விழுவோம்."

சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பிறகு, "சரி. அப்பா வரலைன்னா மக வரட்டும். பல்ஜான், சமோவாரை விட்டுட்டு வாம்மா. அப்பா இடத்துல நீ உக்காரு. தலைய நீ வாங்கிக்க," என்றார்.

மருமகளைத் தோருக்குக் கூப்பிடுகிற மாமனாரை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. கேள்விப்பட்டதும் இல்லை. பழக்கத்தை உடைத்தது அவர்தான், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவள் எனக்கு ஊற்றிக்கொண்டிருந்த கோப்பையை என் கையில் கொடுத்தாள். பாதி. என் முகத்தைப் பார்த்தாள்.

"போகட்டுமாப்பா?"

மரியாதையை ஒருமுறை மறுக்கலாம். இரண்டாம் முறை மறுத்தால் கூப்பிட்டவர் தலை குனிய வேண்டும். தவிர, அவளை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஓண்டாசின் முட்டாள் இல்லை. கேட்டால் யோசிப்பார், யோசித்தால் எல்லோரும் எழுந்து வெளியே வந்துவிடுவார்கள். முப்பத்தைந்து வருடம். நான் சரி என்று தலையை ஆட்டினேன்.

அவள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு போனாள். ஓண்டாசின் நகர்ந்து இடம் கொடுத்தார். தட்டை அவள் மடியில் வைத்தார். அவள் வெட்கப்பட்டு வாசல்பக்கம் பார்த்துச் சிரித்தாள்.

என் கையிலிருந்த கோப்பையில் தேநீர் ஒரு பக்கமாக ஏறியது. ஏறினது இறங்கவில்லை. அங்கேயே நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும் தெரியும். அடுத்த பெரிய அலைக்கு நேரம் இருந்தது. ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு இருந்தது. நான் தேநீரைக் குடித்து முடித்தேன். அவள் ஊற்றியதை வீணாக்கக் கூடாது.

பிறகு நடந்ததை வாசல்பக்கத்து ஆட்கள் நாற்பது பேர் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். தோர் முதலில் இறங்கியது, பிறகு சாய்ந்தது, கண்ணாடி போனது, தொட்டி அவர்களையும் இழுத்துக்கொண்டு போனது. சத்தம் அதிகமில்லை. ஓண்டாசின் கடலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மீதிப் பாதியை அந்த நொடியில் படித்துவிட்டார் என்று நினைக்கிறேன். நல்ல பொறியாளர்தான்.

ஆகவே மணல் தரமற்றது என்கிற வரியை அடியுங்கள். வரிசையை எழுதுங்கள்: எடையில்லாமல் மூன்று நாள் ஆட்டம், பிறகு எடை, எடையோடு அலை. இந்தப் பாதியாவது என் பெயரில் இருக்கட்டும். நான் திட்டமிட்டேன், நான் வால்வைத் திறந்தேன், நான் மூடினேன், நான் கொன்றேன். இதற்குமேல் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஏழு என்று எழுத விட மாட்டேன். பல்ஜானின் எடை ஐம்பத்திரண்டு கிலோ. இருபது டன்னுக்குப் பக்கத்தில் அது எடையே இல்லை. அவள் போய் உட்காராமல் இருந்திருந்தாலும் அந்த நான்கு பைலும் அதே அலையில் போயிருக்கும். மூன்று முறை போட்டுப் பார்த்துவிட்டேன், நோட்டில் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. அவள் என் கணக்குக்குள் வரவில்லை. வராத ஒன்றுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது.

ஆறு என்று எழுதினால் இப்போதே போடுகிறேன். ஏழாவதைச் செய்தவனை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும், அதிகாரியம்மா. அகப்பட்டால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். அவனை நான் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.